டாரட் ஓவியங்களும் வழிகாட்டுத் தியானமும்: தன்னாய்வுக் கருவி என்ற நிலையில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

டாரட் அட்டைகள் குறிசொல்லும் கருவியாகவே பெரும்பாலும் அறியப்படுகின்றன. கடந்த நூற்றாண்டில் அவ்வட்டைகளின் ஓவியங்களை மனத்தில் நிறுத்தித் தன்னை ஆராயும் தியானமுறை ஒன்றும் மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. இக்கட்டுரை அம்முறையின் வரலாற்று வேர்களையும், அதற்கு அடிப்படையான உளவியல் கருத்துகளையும், அதன் செயல்படிகளையும் விளக்குகிறது. அட்டையின் பொருளை உரைக்கும் உரிமை வழிகாட்டுநருக்கா, தியானிப்பவருக்கா என்பதே இம்முறையின் மையச் சிக்கல் என்பதும், டாரட்டின் வரலாறே அதற்கு விடை தருகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: டாரட், வழிகாட்டுத் தியானம், தன்னாய்வு, தொல்படிமம், முனைப்புக் கற்பனை, கருத்தேற்றம்

முன்னுரை

ஓர் ஓவியத்தின் முன் அமர்ந்து, அதனைக் கண்ணால் உள்வாங்கி, பின் கண்மூடி உள்ளத்தில் எழுப்பிப் பார்க்கும் பயிற்சி பல சமயங்களிலும் காணப்படுவது. அங்கெல்லாம் ஓவியத்தின் பொருள் பெரும்பாலும் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். தியானிப்பவர் அப்பொருளை நோக்கித் தம்மை உயர்த்திக்கொள்ள முயல்வார். தன்னாய்வுக்காக டாரட்டைப் பயன்படுத்தும் முறை இதற்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. இங்கு ஓவியம் வழிபடு பொருளன்று. தியானிப்பவர் தம் அச்சம், விருப்பம், இழப்பு ஆகியவற்றை எவ்வாறு காண்கிறார் என்பதை வெளிக்கொணரும் தூண்டுகோல் மட்டுமே.

இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தாமல் பேசுவதால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒரு சாரார் டாரட் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார் பண்டை ஞானம் அட்டைகளில் பொதிந்துள்ளது என்று கொண்டு, வழிகாட்டுநரின் சொல்லை மறைமொழியாக ஏற்கின்றனர். இரண்டுமே அட்டைகளின் உண்மையான வரலாற்றை அறியாமையின் விளைவு. எனவே வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

விளையாட்டிலிருந்து மறைபொருளுக்கு

டாரட் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் தோன்றிய சீட்டு விளையாட்டு. அக்காலத்தில் அதற்குத் 'திரியோன்ஃபி' என்று பெயர். 1440களில் ஃபிளாரன்ஸ், ஃபெராரா நகரங்களின் ஆவணங்களில் இப்பெயர் இடம்பெறுகிறது. மிலான் ஆட்சியாளர்களுக்காகத் தங்கப் பின்னணியில் கைவண்ணமாகத் தீட்டப்பெற்ற விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டில் இன்று 74 அட்டைகள் எஞ்சியுள்ளன. அவை நியூயார்க்கின் மார்கன் நூலகம், பெர்காமோவின் கர்ராரா கலைக்கூடம், தனியார் சேகரம் ஆகிய மூவிடங்களில் பிரிந்துள்ளன.

இன்று வழக்கிலுள்ள கட்டில் 78 அட்டைகள் உள்ளன. அவற்றுள் 22 பேரட்டைகள், 56 சிற்றட்டைகள். சிற்றட்டைகள் கிண்ணம், வாள், கோல், காசு என நான்கு இனங்களாகவும், இனத்திற்குப் பதினான்காகவும் அமைகின்றன. பேரட்டைகள் விளையாட்டில் வெட்டுச் சீட்டுகளாகவே பயன்பட்டன. டாரட் ஆட்டம் பிரான்சு, ஆஸ்திரியா முதலிய நாடுகளில் இன்றும் ஆடப்பெறுகிறது. மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட ஆய்வுநூல், இந்த விளையாட்டு வரலாற்றை விரிவாக நிறுவியது.

மறைபொருள் விளக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பரவத் தொடங்கியது. 1781இல் பிரெஞ்சு அறிஞர் அந்த்வான் கூர் தெ ஜெபெலன், டாரட் பண்டை எகிப்தியக் குருமார்களின் நூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஷம்போலியன் படித்தறிந்து அறிவித்தது 1822இல். அதாவது எகிப்திய எழுத்தை எவராலும் படிக்க இயலாதிருந்த காலத்தில் இக்கருத்து முன்வைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து எத்தேயா என்ற புனைபெயர் கொண்டவர் டாரட்டைக் குறிசொல்லும் முறையாக வகுத்தார். 1850களில் எலிபாஸ் லேவி 22 பேரட்டைகளை ஹீப்ரு மொழியின் 22 எழுத்துகளோடு இணைத்தார்.

1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு ஒரு திருப்பம். ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் திட்டத்திற்கு ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் படம் வரைந்தார். அதற்கு முன் வழக்கிலிருந்த மார்செய்ல் வகைக் கட்டுகளில் 'கிண்ணம் ஐந்து' என்றால் ஐந்து கிண்ணங்கள் மட்டுமே இருக்கும். ஸ்மித் பெரும்பாலான சிற்றட்டைகளில் மனிதர் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சியை வரைந்தார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான சோலா புஸ்கா கட்டில் இதற்கு முன்மாதிரி உண்டெனினும், பரவலான வழக்காக்கியது ஸ்மித்தின் ஓவியங்களே. இன்று தியானத்தில் பயன்படும் காட்சிகள் பெரும்பாலும் இவரது கைவண்ணமே.

ஓர் அட்டையின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். ஒன்பதாம் பேரட்டையான 'துறவி'யில், பனிமலை உச்சியில் விளக்கேந்தி நிற்கும் முதியவரைக் காண்கிறோம். இதனை 'உள்ளொளி தேடுபவர்' என்று இன்று விளக்குவர். விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டில் அதே இடத்திலுள்ள முதியவர் கையில் விளக்கு இல்லை, மணற்கடிகை இருக்கிறது. அங்கு அவர் காலத்தின் உருவகம். கடிகை விளக்காகியபோது காலம் தேடலாயிற்று. அவ்வாறே மார்செய்ல் கட்டில் எட்டாம் எண் 'நீதி', பதினோராம் எண் 'வலிமை'. வெயிட்டின் கட்டில் இவ்விரண்டும் இடம்மாறின. படமும் வரிசையும் பொருளும் மாறிவந்துள்ள நிலையில், 'இவ்வட்டையின் உண்மைப் பொருள் இதுவே' என்று அறுதியிட இடமில்லை.

நுழைவாயிலாகும் ஓவியம்: ஓர் இந்தியத் தொடர்பு

அட்டையை உற்றுநோக்கி, அதனை வாயிலாகக் கற்பித்து, உள்ளே செல்வதாக எண்ணும் பயிற்சி டாரட்டுடன் உடன்பிறந்ததன்று. 1888இல் லண்டனில் தொடங்கப்பெற்ற 'பொன் விடியல்' என்னும் மறைநெறிக் குழுவில் இது முறைப்படுத்தப்பட்டது. கவிஞர் யேட்ஸ், வெயிட், ஸ்மித் மூவரும் அக்குழுவில் உறுப்பினராயிருந்தவர்கள்.

அக்குழுவினர் முதலில் பயன்படுத்தியவை 'தத்துவ' வடிவங்கள். நிலத்திற்கு மஞ்சள் சதுரம், நீருக்கு வெள்ளிப் பிறை, தீக்குச் செம்முக்கோணம், காற்றுக்கு நீல வட்டம், விசும்புக்குக் கரிய முட்டை வடிவம் என ஐம்பூதங்களுக்கும் அட்டைகள் செய்தனர். வண்ண வடிவத்தைச் சிறிது நேரம் உற்றுநோக்கிய பின் வெண்பரப்பைப் பார்த்தால் எதிர்வண்ணத்தில் அதன் நிழல் தோன்றும். அந்நிழலை வாயிலாக விரித்து உட்புகுவதாகக் கற்பனை செய்தனர். பேரட்டைகளையும் இதே முறையில் கையாண்டனர். இவ்வடிவங்கள் அவர்களுக்குக் கிடைத்தது ராம பிரசாத் எழுதி 1890இல் வெளிவந்த நூல் வழியாக. அது வடமொழியில் மூச்சோட்டத்தை ஆராயும் சுவர சாத்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் சரநூல் என வழங்கும் துறை இதுவே.

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் ஒப்புநோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றான உண்மை விளக்கமும் பூதங்களுக்கு வடிவம் கூறுகிறது. நிலம் நாற்கோணம், நீர் பிறை, தீ முக்கோணம் என்பவை லண்டன் குழுவின் வடிவங்களோடு ஒத்துள்ளன. காற்றுக்கு அறுகோணமும் விசும்புக்கு வட்டமும் கூறப்படுவதில் வேறுபடுகின்றன. படிமங்கள் ஒரு மரபிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போதும், ஒரே நிலப்பரப்பின் மரபுகளுக்கிடையிலும் உருமாறுவது இயல்பு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

உளவியல் அடிப்படை

மறைநெறிக் குழுக்கள் இக்காட்சிகளை வேற்றுலகத் தரிசனமாகக் கொண்டன. அவற்றை உள்ளத்தின் ஆக்கமாகக் கொள்ளும் நோக்கு உளவியலிலிருந்து வந்தது. கார்ல் யுங் 1913 முதல் தம்மிடமே செய்துபார்த்த பயிற்சியைப் பின்னர் 'முனைப்புக் கற்பனை' என்று பெயரிட்டார். மனத்தில் எழும் உருவத்தை அடக்காமலும் அதில் மூழ்காமலும், விழிப்புடன் அதனோடு உரையாடுதல் இதன் சாரம். அவர் பதிவுசெய்த காட்சிகள் 'சிவப்பு நூல்' என்ற பெயரில் 2009இல் வெளிவந்தன. கண்ட காட்சி வாழ்வில் என்ன கடமையைச் சுமத்துகிறது என்று கேளாதவரை பயிற்சி நிறைவுறாது என்பதும் யுங்கின் கருத்து.

யுங் டாரட்டைப் பற்றித் தனிநூல் எழுதியவரல்லர். 1933இல் ஜூரிச்சில் நடத்திய கருத்தரங்கொன்றில் அதனைச் சுருக்கமாகக் குறிப்பிட்டார். தொல்படிமக் கோட்பாட்டைப் பேரட்டைகளுக்கு விரிவாகப் பொருத்தியவர் சாலி நிக்கல்ஸ். அவரது நூல் 1980இல் வெளிவந்தது. மேரி கிரீர் 1984இல் வெளியிட்ட நூல், பிறரிடம் குறிகேளாமல் ஒருவர் தாமே அட்டைகளோடு பணிசெய்வதற்கான பயிற்சிகளைத் தந்தது.

இதனோடு ஒப்பிடத்தக்கது, ஜெர்மானிய மருத்துவர் ஹன்ஸ்கார்ல் லாய்னர் 1950களில் வகுத்த கற்பனைவழிச் சிகிச்சை. அவர் புல்வெளி, ஓடை, மலை, வீடு, காட்டின் விளிம்பு போன்ற எளிய கருக்களைச் சொல்லால் மட்டும் தந்து, நோயாளி காண்பதை விவரிக்கச் செய்தார். 'புல்வெளி' என்ற சொல் ஒருவருக்குப் பசுமையாகவும் மற்றொருவருக்குக் கருகியதாகவும் தோன்றலாம். டாரட் ஓவியமோ புல்வெளியின் நிறத்தையும் அதில் நிற்பவரின் முகத்தையும் முன்னரே தீர்மானித்துவிடுகிறது. கற்பனை எளிதில் எழாதவர்க்கு இது பற்றுக்கோடு. அதே வேளையில் ஓவியரின் கருத்து தியானிப்பவரின் உள்ளத்தை முந்திக்கொள்ளவும் வாய்ப்பாகிறது. இவ்வோவியங்களின் பயனும் குறையும் ஒரே பண்பிலிருந்து பிறப்பவை.

செயல்படிகள்

நூல்களில் காணப்படும் முறைகளின் பொதுக்கூறுகளைத் தொகுத்து, தன்னாய்வு நோக்கிற்கேற்ப ஆறு படிகளாகப் பின்வருமாறு அமைக்கலாம்.

முதலாவது, தேர்வு. அட்டைகளைக் கவிழ்த்து ஒன்றை உருவுவது குறிகேட்டலின் வழக்கம். அவ்வாறு வந்த அட்டையை 'விதி அனுப்பியது' என்று மனம் எளிதில் கொள்ளும். எனவே தன்னாய்வுக்கு அட்டைகளைப் படம் தெரியப் பரப்பி, ஈர்க்கும் ஒன்றையோ உறுத்தும் ஒன்றையோ தாமே தெரிந்தெடுத்தல் நன்று. எதைத் தேர்ந்தோம், எதைத் தவிர்த்தோம் என்பதே முதற் செய்தி.

இரண்டாவது, நோக்கல். சில நிமிடங்கள் அட்டையில் உள்ளவற்றை மட்டும் சொல்லவேண்டும். 'ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார்' என்பது நோக்கல். 'ஒருவர் வருந்துகிறார்' என்பது பொருள்கொள்ளல். இரண்டையும் பிரித்தறியும் பழக்கமே தன்னாய்வின் தொடக்கம்.

மூன்றாவது, உள்வாங்கல். மூச்சு சீரான பின் கண்மூடி, அட்டையை உள்ளத்தில் எழுப்பி, அதன் ஓரக்கோட்டைக் கதவுநிலையாக விரித்தல். நான்காவது, உட்புகல். காலடி மண், காற்று, ஓசை, மணம் ஆகியவற்றை உணர்ந்தபின், அங்குள்ள உருவத்திடம் ஒரு வினா எழுப்பி விடைக்குக் காத்திருத்தல். ஐந்தாவது, மீளல். வந்த வழியே திரும்பி, அட்டை மீண்டும் சிறிய தாளாவதைக் கண்டு, கண்திறந்து அறையிலுள்ள பொருள்கள் சிலவற்றின் பெயரைச் சொல்லுதல். இப்படியைச் சுருக்கலாகாது. ஆறாவது, பதிவு. எவரிடமும் பேசுமுன் கண்டதை நிகழ்காலத்தில் எழுதுதல். பேசத் தொடங்கியவுடன் கேட்பவரின் முகக்குறிப்புக்கேற்ப அனுபவம் திருத்தம் பெறுவதால், எழுத்து முந்தவேண்டும்.

எடுத்துக்காட்டு: கிண்ணம் ஐந்து

ஸ்மித் வரைந்த இவ்வட்டையில் கரிய போர்வை அணிந்த ஒருவர் தலைகவிழ்ந்து நிற்கிறார். அவர் முன் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. ஓர் ஆறும், அதன்மேல் ஒரு பாலமும், அக்கரையில் ஒரு கட்டடமும் தெரிகின்றன.

இவ்வோவியத்தில் அறிவுரை ஒன்று பொதிந்திருப்பதைக் காண்பது எளிது: இழந்ததையே எண்ணாதே, எஞ்சியதைப் பார், பாலத்தைக் கட. ஆகவே வழிகாட்டுநர் பலர், 'உங்களுக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்கள் உள்ளன. இப்போது மெல்லத் திரும்பிப் பாருங்கள்' என்று கூற விழைவர். இது கனிவான சொல்லாகத் தோன்றினும், தியானிப்பவரின் துயரம் முடியவேண்டிய நேரத்தை வழிகாட்டுநர் தீர்மானிப்பதாகிறது. அண்மையில் ஒருவரை இழந்து வருந்துபவர் திரும்ப விரும்பாமலிருக்கலாம். திரும்பியவர் இரு கிண்ணங்களும் வெறுமையாயிருக்கக் காணலாம். பாலத்தின் அக்கரையிலுள்ள வீடு அவர் வெளியேற்றப்பட்ட வீடாகவும் இருக்கலாம். கட்டளை இடப்பட்டபின் இவற்றைச் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லை. தாம் பயிற்சியில் தவறியதாகவே எண்ணுவார்.

அதற்கு மாறாக, 'நிற்குமிடத்திலிருந்து எதைக் காண்கிறீர்கள்?', 'இங்கு எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்?', 'எங்கேனும் செல்லவேண்டும் என்று தோன்றுகிறதா, நிற்கவேண்டும் என்று தோன்றுகிறதா?' என்ற வினாக்கள் விடையைத் தம்முள் கொண்டிருப்பதில்லை. நிற்பதும் ஒரு விடையே என்ற இடைவெளியை அவை தருகின்றன. மார்செய்ல் கட்டில் இவ்விடத்தில் ஐந்து கிண்ணங்கள் மட்டுமே இருந்தன என்பதை நினைவுகூர்ந்தால், துயரமும் அறிவுரையும் 1909ஆம் ஆண்டுக் கட்டின் படைப்பே என்பதும், அவற்றுக்கு எவரும் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதும் விளங்கும்.

எச்சரிக்கைகள்

இம்முறையைக் கையாள்வோர் மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

முதலாவது, பொருத்தம் என்னும் மயக்கம். உளவியலாளர் பெர்ட்ரம் போரர் 1949இல் வெளியிட்ட ஆய்வில், 39 மாணவர்களுக்கு ஆளுமை விளக்கம் ஒன்றைத் தந்து, அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என மதிப்பிடச் சொன்னார். ஐந்துக்குச் சராசரி 4.26 என மதிப்பிட்டனர். உண்மையில் அனைவருக்கும் தரப்பட்டது ஒரே விளக்கம். அதன் தொடர்கள் சோதிட நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆகவே 'அட்டை என்னையே சொல்கிறது' என்ற உணர்வு அட்டையின் ஆற்றலுக்குச் சான்றாகாது. தன்னாய்வில் வினவத்தக்கது, அது ஏன் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது என்பதே.

இரண்டாவது, பொய்ந்நினைவு. நடந்ததாக உறுதியில்லாத இளமை நிகழ்ச்சியைச் சற்று நேரம் கற்பனை செய்வதே, அது நடந்திருக்கும் என்ற நம்பிக்கையை உயர்த்துகிறது என்று எலிசபெத் லாஃப்டஸும் பிறரும் 1996இல் காட்டினர். எனவே 'அட்டையிலுள்ள குழந்தை நீங்கள். உங்களுக்கு அன்று என்ன நேர்ந்தது?' என்பது போன்ற வினா இடர் மிக்கது. அதற்கு விடையாக எழும் காட்சி நினைவன்று, கற்பனையாகவும் இருக்கலாம். அதனடிப்படையில் குடும்பத்தார் மீது பழி விழுமாயின், அத்தீங்கை எளிதில் மீட்க இயலாது. கடந்தகால உண்மையைக் கண்டறியும் கருவியாக இத்தியானத்தைப் பயன்படுத்தலாகாது என்பது விலக்கில்லா விதியாதல் வேண்டும்.

மூன்றாவது, தகுதி. சிலருக்கு மனக்கண்ணில் உருவங்கள் எழுவதேயில்லை. ஆடம் ஜீமன் முதலியோர் 2015இல் இந்நிலைக்குத் தனிப்பெயர் இட்டனர். இது குறைபாடன்று, அத்தகையோர் கண்திறந்தபடி அட்டையைப் பார்த்து எழுதலாம். ஆனால் இல்லாததைக் காணும் அல்லது கேட்கும் மனநோய்க்கு ஆட்பட்டவர்க்கும், கொடிய நிகழ்ச்சியின் பாதிப்பிலிருந்து மீளாதவர்க்கும் மருத்துவரின் துணையின்றி இப்பயிற்சியைத் தருதல் கூடாது. வழிகாட்டுக் கற்பனை குறித்த மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளை டாரட்டுக்கு அப்படியே ஏற்றிக் கூறுவதும் முறையன்று. அவ்வாய்வுகள் வேறு சூழலில், வேறு தூண்டல்களைக் கொண்டு செய்யப்பட்டவை.

இவற்றோடு பண்பாட்டு வேறுபாட்டையும் சேர்த்தெண்ணலாம். போப்பாண்டவர், சாத்தான், இறுதித் தீர்ப்பு முதலிய அட்டைகள் ஐரோப்பியக் கிறித்தவச் சூழலில் பிறந்தவை. அவை எல்லா மனித உள்ளத்திற்கும் பொதுவான தொல்படிமங்கள் என்று முன்கூட்டியே கொள்ளாமல், தியானிப்பவர்க்கு அவை அயலானவையா, அணுக்கமானவையா என்று வினவுவதே ஆய்வு நேர்மை. கிளி எடுத்துத் தரும் அட்டையில் தெய்வப் படத்தைக் கண்டு பழகிய ஒருவர், டாரட் அட்டையையும் அதே எதிர்பார்ப்புடன் அணுகக்கூடும். இது குறியன்று என்பதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறவேண்டிய கடப்பாடு வழிகாட்டுநருக்கு உண்டு.

முடிவுரை

டாரட் எகிப்திய ஞானநூல் என்னும் கருத்து வரலாற்றின்முன் நிற்கவில்லை. அது வீழ்ந்ததால் தியானத்தில் இவ்வோவியங்களின் பயன் குறைவதில்லை. மாறாக உரிமை இடம் மாறுகிறது. பண்டை ஞானம் ஒன்று அட்டையில் பொதிந்திருந்தால், அதனை அறிந்தவரே பொருள்கூறத் தகுதியுடையவர். தியானிப்பவர் கேட்டுக்கொள்பவர் மட்டுமே. மணற்கடிகை விளக்காகவும், ஐந்து வெறுங்கிண்ணங்கள் ஒரு துயரக் காட்சியாகவும் மாறிய வரலாற்றை அறிந்தவர்க்கு, பொருள் ஒவ்வொரு காலத்திலும் மனிதர் இட்டதே என்பது புலனாகும். அவ்வாறாயின் இன்று அதனைக் கையில் ஏந்தியிருப்பவர்க்கும் தம் பொருளைக் காணும் உரிமை உண்டு.

எனவே இம்முறையில் வழிகாட்டுநரின் திறன், அவர் எத்தனை அட்டைகளின் பொருளை அறிவார் என்பதால் அளக்கப்படுவதன்று. கேட்கவேண்டிய இடத்தில் கேட்டு, சொல்லாதிருக்கவேண்டிய இடத்தில் சொல்லாதிருக்கும் அடக்கத்தால் அளக்கப்படுவது. டாரட்டின் வரலாற்றை வழிகாட்டுநர்க்கான பயிற்சியின் முதற்பாடமாக வைப்பின், அவ்வடக்கத்திற்கு அதுவே அடிப்படையாக அமையும்.